பந்து வராத மூலை

பிள்ளைகளா, நான் ராஜபாளையத்தில் பூப்பந்துக் கிளப்பில் சேர்ந்த கதையை உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னால் விளக்கு வைத்த பிறகு நீங்கள் கொல்லைப்பக்கம் போகமாட்டீர்கள் என்று உங்கள் அம்மா என்னை அடக்கிவிடுவாள். இப்போது மூத்தவள் எட்டாவது வந்துவிட்டாள். சின்னவன் பேய்க்கதை கேட்டுவிட்டு எனக்கே தைரியம் சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். அதனால் எழுதுகிறேன். இது பேய்க்கதைதானா என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில் இருந்தாள். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. நம்ம ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதற்கும் பஸ்ஸில் செத்த நேரம்தான். ஆனாலும் ஷிப்டு மாறி மாறி வரும் என்பதால் அங்கேயே ஒரு அறை வாடகைக்குப் பிடித்தேன். அம்மா பிரசவத்துக்கு மம்சாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள்.

மில்லுக்குள் எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வெளியே வந்தால் காதுக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லாம் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறி, "சாப்ட்டாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இயல்பிலேயே வாய் கம்மி. சில நாளில் என் குரலையே நான் கேட்காமல் படுத்துவிடுவேன்.

பிள்ளை பிறந்ததும் அம்மாவையும் பிள்ளையையும் இந்த ஊருக்குக் கூட்டி வருவதா, இல்லை வேலையை விட்டுவிட்டு நான் ஊருக்குத் திரும்புவதா என்று மனசு ஆடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் நாலு பேர் என்னைத் தங்களில் ஒருத்தனாக ஏற்றுக்கொண்டால் இருப்பேன், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று முடிவு செய்திருந்தேன்.

என் அறைக்கு எதிரே ஒரு தையல் கடை. காக்கிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். டெய்லர் அண்ணன் அளவு நாடாவை என் கழுத்தில் போட்டபடியே கேட்டார்.

"ஏன் தம்பி, நீங்க ஊமையா? வந்ததுல இருந்து தலைய மட்டுந்தான் ஆட்டுதீய."

"இல்லண்ணே."

"அப்பாடி, பேசிட்டாரு! எந்த ஊரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

"சாயங்காலம் என்ன செய்யுதீய?"

"ரூம்லதான் இருப்பேன். ஊர்ல பூப்பந்து ஆடுவேன்."

அவர் நாடாவை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பால்கோவா வழிச்சுத் திங்கிற கைக்கு மட்டை பிடிக்க வருமா? நாளைக்கு வாரீயளா? எங்க கிளப்புல ஒரு ஆள் குறையுது."

பூப்பந்து என்றால் இப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் ஆடும் இறகுப்பந்து இல்லை. இது மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. மண் தரையில் வலை கட்டி, பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுவது. முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு மூலையிலும் இரண்டு பேர். பந்து தரையைத் தொடக்கூடாது. ஒரே பந்துக்கு இரண்டு பேர் பாய்ந்தால் மட்டையால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் நடுவில் வரும் பந்தை எடுக்கப் போகிறவர் "எனக்கு!" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் மற்றவர் விலகிவிட வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்.

ஆடுகளம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சுப்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் இடிந்த சுவர், மற்ற பக்கம் எல்லாம் வெட்டவெளி. மேற்கே மலை. ராஜபாளையத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே மலையின் நிழல் தரையில் ஊர்ந்து வரும். நான் போனபோது தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். கிளப்புக்குத் தலைவர் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. ஒல்லியான மனிதர். நடு இடத்தில் நின்று ஆடுகிறவர்.

"எங்க நிப்பே தம்பி?" என்றார்.

"இடது பின்மூலைங்க. ஊர்லயும் அங்கதான் நிப்பேன்."

வலையைக் கட்டிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. இரண்டு பேர் தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். டெய்லர் அண்ணன் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். வார் சரியாகத்தான் இருந்தது.

"நீயாக் கேக்கியா, யாரும் சொல்லி விட்டாகளா?" என்றார் அண்ணாச்சி.

"நானாத்தாங்க கேக்கேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நில்லு" என்றார்.

போய் நின்றேன். எங்கள் பக்கம் தெற்கு. அதனால் இடது பின்மூலை மலையை ஒட்டிய மூலை. நிழல் முதலில் அங்கேதான் வரும். நான் நின்ற இடத்தில் மண் இறுகி, இரண்டு பாதம் பதிகிற அளவுக்கு லேசாகக் குழிந்திருந்தது. பல வருஷம் ஒருவர் ஒரே இடத்தில் நின்றால்தான் அப்படி ஆகும். காலை எங்கே வைத்தாலும் சறுக்கிக்கொண்டு அந்தக் குழிக்குள்ளேயே வந்து நின்றது. குழி என் பாதத்தைவிடப் பெரிது.

ஆட்டம் தொடங்கியது. எனக்குப் பந்து வரவில்லை.

முதல் நாள்தானே, புது ஆளைப் பார்த்து ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் வரவில்லை. அப்புறம் கவனித்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துக்காரர்கள் நான்கு இடத்துக்கு மட்டுமே அடித்தார்கள். தப்பித் தவறி என் மூலைக்கு ஒரு பந்து திரும்பினால் அண்ணாச்சி நடுவிலிருந்து ஓடிவந்து எடுத்துவிடுவார். என் மேல் இடிக்க மாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டதுபோல வளைந்து வந்து எடுப்பார். எடுக்கும் முன்னால் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை என் முகத்துக்கு வராது. என் தலைக்கு ஒரு சாண் மேலே பார்ப்பார். அவ்வளவு உயரத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பந்து போடுகிற முறை ஒவ்வொருவருக்கும் வரிசையாக வரும். என் முறை வந்தபோது நான் கையை நீட்டினேன். யாரும் பந்தைத் தரவில்லை. அண்ணாச்சி அதைக் கொண்டுவந்து என் காலுக்கு முன்னால் கோட்டின் மேல் வைத்தார். பத்துப் பேரும் அசையாமல் நின்றார்கள். காக்காய் சத்தம்கூட அந்த நேரத்தில் அடங்கியதுபோல எனக்குத் தோன்றியது. ஒருவர் பந்து போடுகிற நேரம் கழிந்ததும் அண்ணாச்சியே குனிந்து பந்தை எடுத்து எதிர்ப்பக்கத்துக்கு உருட்டிவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது. இது ராஜபாளையத்துச் சட்டம் போலிருக்கிறது, ஊருக்கு ஒரு சட்டம் இருக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த நேரத்தில், மலை நிழல் என் முதுகில் ஏறி நிற்கும்போது, எனக்குப் பின்னால் யாரோ மட்டையைக் கை மாற்றிப் பிடிப்பதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் தையல் கடைக்குப் போனேன்.

"அண்ணே, என்னையப் பிடிக்கலைன்னா சொல்லிருங்க. இப்படி நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்க வைக்காதீய."

அவர் மிஷினை நிறுத்தினார். கேலி பேசுகிற முகம் அன்றைக்கு இல்லை.

"ஒங்களப் பிடிக்காம இல்ல. நீங்க நிக்கிறது ஒங்க இடம் இல்ல. அவிய இடம்."

"எவுக இடம்?"

அவர் சொன்னது இதுதான். இருபது வருஷமாக அந்த மூலையில் ஒருவர் ஆடியிருக்கிறார். நல்ல உயரம். அண்ணாச்சிக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. களத்துக்கு வந்தால் யாரோடும் பேச மாட்டார். பந்து வந்தால் "எனக்கு!" என்பார், அதோடு சரி. அண்ணாச்சி நடுவிலும் அவர் மூலையிலுமாக ஆடிய அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இரண்டு பேர் மட்டையும் மோதியதில்லை. நான் சேர்வதற்குச் சில மாதம் முன்னால் ஒரு சாயங்காலம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு வீட்டுல துக்கம்னா வருசம் திரும்புற வரைக்கும் தீபாவளி, பொங்கல் கிடையாதுல்ல? அதே மாதிரிதான். வருசம் திரும்புற வரைக்கும் அந்த மூலைக்குப் பந்து அடிக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. அவிய முறைக்குப் பந்தை வச்சு எடுக்கிறதும் அதுக்குத்தான்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

"எங்க தம்பி சொல்ல விட்டீய? வேற எந்த இடம் கேட்டிருந்தாலும் மாத்திக் குடுத்திருப்போம். நீங்க வந்து நின்னு வாயத் தொறந்து கேட்ட ஒரே விசயம் அந்த மூலை. அண்ணாச்சி ஆடிப் போயிட்டாரு. அவியதான் ஒங்களை அனுப்பிவிட்டாகளோன்னு அவருக்கு ஒரு நெனப்பு. வேண்டாம்னு சொல்லவும் பயம், பந்து குடுக்கவும் பயம்."

நான் அன்றைக்கு அறைக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே இடமும் வேறு ஒருவருடையதாக இருக்கிறதே என்ற சங்கடம். ஆனாலும் மறுநாள் போனேன். போகாவிட்டால் அந்த நான்கு சுவர்தான்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரான தேவதானத்திலிருந்து ஒரு குழு எங்களோடு ஆட வந்தது. சும்மா பழக்கத்துக்கு ஆடுகிற ஆட்டம்தான். அவர்களுக்கு எங்கள் கிளப்பின் துக்கம் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஆட்டம் சூடு பிடித்தது. நிழல் வந்து என் மூலையை மூடிவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மஞ்சள் வெயில். அவர்களில் ஒருவர் ஓங்கி ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். அது எனக்கும் அண்ணாச்சிக்கும் சரியாக நடுவில் இறங்கியது.

"எனக்கு!"

குரல் தெளிவாகக் கேட்டது. அண்ணாச்சிதான் கூப்பிடுகிறார் என்று நான் ஒதுங்கினேன். அண்ணாச்சியும் ஒதுங்கினார். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் விழுந்து, ஈர மண்ணில் எம்பாமல் அப்படியே கிடந்தது.

"ஏன் தம்பி விட்டே? நீதானே கூப்பிட்டே?" என்றார் அண்ணாச்சி.

"நான் கூப்பிடலையே. நீங்கதான கூப்பிட்டீய?"

"நான் வாயே தொறக்கலை."

முன்னால் நின்ற டெய்லர் அண்ணன் திரும்பாமலே, "பின்னால இருந்துதான் கேட்டுச்சு" என்றார். அவர் பிடரியில் வியர்வை வழிவது எனக்குத் தெரிந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் தேவதானத்து ஆள் சிரித்தார். "என்னய்யா, ஒருத்தர் கூப்பிட்டாருல்ல? எனக்கே கேட்டுச்சு. கூப்பிட்ட ஆளு எடுக்காம ரெண்டு பேரும் பந்துக்கு வழி விட்டு நிக்கீய!"

அண்ணாச்சி அவரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், அப்புறம் என் தலைக்கு மேலே அந்த உயரத்தில் பார்த்தார். மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இருட்டிருச்சு, போதும்" என்றார். இருட்டவில்லை. எதிர்ப்பக்கத்துக் கோடுகள் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தன.

எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, நீ கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம். தப்பா நெனச்சுக்காதே. அவனுக்குப் பிடிக்கலை போலிருக்கு."

நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த விடுமுறை நாளில் மம்சாபுரம் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது உங்கள் அம்மாவுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டேன். அவள் நிறைமாதம். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நான் முடித்துவிட்டு, "பேசாம வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துருதேன்" என்றேன்.

"நீங்க அங்க போனதுல இருந்து ஒரு தடவையாவது 'எனக்கு'ன்னு கத்தினீகளா?" என்று கேட்டாள்.

"பந்தே வரலைங்கேன். எதுக்குக் கத்த?"

"பந்து வந்துச்சே, அன்னைக்கு. நீங்க ஏன் கத்தலை?"

நான் பால்கோவா கட்டியிருந்த நூலை விரலில் சுற்றத் தொடங்கினேன்.

"ஒங்க குரல் எப்படின்னு அங்க யாருக்காவது தெரியுமா? வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு நின்னா, செத்தவுகதான் பேச வேண்டியிருக்கு, பாவம்!" என்று சொல்லிவிட்டு விரலை நக்கினாள். "எம்பிள்ளையாவது வாய் தொறந்து கேக்கட்டும் கடவுளே."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அது கேலியாக இல்லை. ஒரு மனிதன் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் குரல் அந்த மண்ணில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் உயிரோடு நிற்கிறேன், என் குரல் ஒருவருக்கும் தெரியாது. அப்படியானால் அந்த மூலையில் இல்லாத ஆள் யார்?

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராகக் களத்துக்குப் போனேன். அண்ணாச்சி முகம் சுருங்கியது.

"வர வேண்டாம்னு சொன்னேனே தம்பி."

"வருசம் திரும்பட்டும்னா வேற மூலையில நிக்கேன் அண்ணாச்சி. இல்ல, அங்கதான் நிக்கணும்னா பந்து குடுங்க. பந்து வந்தா நான் கூப்பிடுவேன். கூப்பிடாம சும்மா நிக்க இனி என்னால ஆகாது."

அவ்வளவு நீளமாக நான் அங்கே பேசியதே இல்லை. டெய்லர் அண்ணன் வாயைப் பிளந்தார். அண்ணாச்சி மட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனார். நான் இடது பின்மூலைக்குப் போய் நின்றேன். கால் அந்தக் குழிக்குள் இறங்கியது. அன்றைக்கு டெய்லர் அண்ணன் எதிர்ப்பக்கம் ஆடினார்.

நிழல் வரும் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் பழையபடி நான்கு இடத்துக்கே அடித்தார்கள். நிழல் என் முதுகில் ஏறியது. அந்தச் சின்னச் சத்தம், மட்டையைக் கை மாற்றுகிற சத்தம், பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. எதிரே டெய்லர் அண்ணன் அண்ணாச்சியை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் பந்தை உயரமாகத் தூக்கி எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் அடித்துவிட்டார்.

பந்து மேலே வெளிச்சத்தில் மஞ்சளாகப் போய், இறங்கும்போது நிழலுக்குள் கறுப்பாக வந்தது. எனக்குப் பின்னால் ஒருவர் மூச்சை இழுப்பது கேட்டது. கத்துவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு!"

அண்ணாச்சி அறை வாங்கியவர் மாதிரி நின்றுவிட்டார். நான் இரண்டு எட்டு ஓடி அடித்தேன். பந்து வலையை உரசாமல் போய் எதிர்ப்பக்கத்து மண்ணில் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. அண்ணாச்சி என் பக்கம் நடந்து வந்தார். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"இப்பக் கூப்பிட்டது நீதானா?"

"நாந்தான் அண்ணாச்சி."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லார் முகமும் வெளுத்திருந்தது. டெய்லர் அண்ணன்தான் கடைசியில் சொன்னார். "அன்னைக்குத் தேவதானத்துக்காரங்களோட ஆடும்போது கேட்டதும் இதே குரல்தான் அண்ணாச்சி. அச்சு அசல்."

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை, பிள்ளைகளா. உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். அதை அங்கேயும் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அண்ணாச்சியின் முகம் இளகத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் கூப்பிட்டது புதுப்பையன்தான், தெரியாமல் கூப்பிட்டிருக்கிறான் என்று அவர் நம்ப ஆசைப்பட்டார். நம்பினால் கூட்டாளி நிம்மதியாகப் போய்விட்டான் என்று ஆகும். நான் பேசாமல் நின்றேன். அதற்கு அப்புறம் பந்து போடும் முறை எனக்கு வந்தபோது அவர் பந்தைக் கீழே வைக்கவில்லை. துண்டில் மண்ணைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வருஷம் திரும்ப இன்னும் நாள் இருந்தது.

அடுத்த மாதம் மூத்தவள் பிறந்தாள். மூன்றாம் மாதம் அம்மாவையும் அவளையும் ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதற்கு அப்புறம் அந்த மூலையில் நான் பல வருஷம் ஆடினேன். எனக்குப் பந்து வந்தது, திட்டும் வந்தது, கேலியும் வந்தது. "பால்கோவா" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார்கள். ஆடி ஆடி மண்ணிலிருந்த பழைய குழி என் பாத அளவுக்கு வந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொள்வேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. சில சாயங்காலம், நிழல் வந்து மூடும்போது, எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் ஒரு பந்து இறங்கும். நான் கத்த மூச்சு இழுப்பேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அண்ணாச்சி விலகிவிடுவார். நான் போய் எடுத்து அடிப்பேன். எதைக் கேட்டு விலகினார் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.